புது டிஸ்க்குக்கு எதெல்லாம் வரணும்

திருப்பூர்
3.3.2025

மாஸ்டருக்கு,

மாடி ரூம் ஆஷா எழுதுறேன். அஞ்சு வருசம் நான் கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போட, நீங்க கீழ கட்டிங் டேபிள்ல அத வெட்ட, தினமும் இன்டர்காம்ல சண்டை போட்டிருக்கோம். ஆனா லெட்டர்னு வந்தா எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல. எங்க சாத்தான்குளம் பக்கம் "கர்த்தருக்குள் பிரியமான"ன்னு தொடங்குவாக. எழுதிப் பாத்தேன். கை கூசிச்சு. அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

போன் நாலு தடவ அடிச்சேன், நீங்க எடுக்கல. வாட்ஸ்அப்ல ஒத்த டிக்கோட நிக்குது. ஈ.எஸ்.ஐ. ஃபார்ம்ல இருந்த வெள்ளகோவில் அட்ரஸுக்கு இத அனுப்புறேன்.

விஷயம் இதான். நம்ம கம்ப்யூட்டர் சாகக் கெடக்கு. உள்ள இருக்க ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'னு பல்லி மாதிரி கத்துது. காலைல ஆன் பண்ணா எந்திரிக்க இருவது நிமிசம். "ஆஷா டீ குடிச்சு முடிச்சாத்தான் அது கண்ணு முழிக்கும்"னு நீங்க கேலி பண்ணுவீங்களே, இப்ப டீயோட ரெண்டு வடையும் தின்னு முடிச்சிரலாம். சர்வீஸ்க்கு வந்த சிவபிரகாஷ் எஸ்.எஸ்.டி. போடச் சொல்றாரு. உள்ள எதுவும் சுத்தாதாம், சத்தமே இருக்காதாம், பத்து செகண்ட்ல ஓப்பன் ஆகுமாம். "ஓடுற வண்டிக்கு எதுக்கு புது எஞ்சின்"னு மூணு வருசமா தட்டிக் கழிச்ச முதலாளி தரணீதரன் சாரும் இப்ப சரின்னுட்டாரு. ஏன்னா அது ஓடல.

ஆனா ரெண்டு வழி இருக்காம். பழைய டிஸ்க்க அப்படியே குளோன் பண்ணி புதுசுல ஏத்தறது ஒண்ணு. எந்த ஃபைல் எந்தத் தேதில இருந்துச்சோ, குப்பையோட குப்பையா அப்படியே வந்திரும். இல்லன்னா புதுசா எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ணி, வேண்டியத மட்டும் எடுத்துக்கிட்டு பழசைத் தூக்கிப் போடுறது. சார் ரெண்டாவதத்தான் சொல்றாரு. எனக்கும் அதான் நல்லதுன்னு படுது.

நீங்க கையால வெட்டின பேட்டர்ன் அட்டைங்க நூத்தி நாப்பது, நாம ஒண்ணொண்ணா அளந்து ஏத்தினது, ஒரு ஃபோல்டர்ல இருக்கு. அது வேணுமான்னு உங்ககிட்ட கேக்காம விட மனசு வரல. அதோட போன செப்டம்பர் ஃபோல்டர் ஒண்ணு இருக்கு. ஆயிரத்தி எண்ணூறு பீஸ் மார்பளவு கொறஞ்சு வெட்டுப்பட்டு, சார் உங்களை எல்லார் முன்னாடியும் பேசி, நீங்க வேலைய விட்டுட்டுப் போனீங்களே, அந்த ஆர்டரோடது. அது வேண்டாம்தான? நீங்க வேண்டாம்னு சொன்னா எடுத்திருவேன்.

ஆஷா


வெள்ளகோவில்
9.3.2025

ஏனுங்க அம்மணி,

லெட்டர் வந்துச்சுங்க. போஸ்ட்மேன் பேங்க் நோட்டீஸுன்னு நெனச்சு மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கிட்டுக் குடுத்துட்டுப் போனான். கம்பெனி நம்பருன்னா நான் எடுக்கறதில்லீங்க. எடுத்தா கத்திருவேன். கத்தினா ஊட்டுக்காரி அழுவா. எழுதறதுன்னா கோவத்தப் பேனா பாத்துக்கும்.

இப்ப மச்சானோட கொப்பரைக் களத்துல நிக்கறேனுங்க. தேங்காயைக் காய வெக்கறது, கூட்டறது, மூட்டை புடிக்கறது. இங்க ரெண்டு சென்டி கொறஞ்சா யாருக்கும் ஒண்ணும் ஆவறதில்ல. காக்கா தூக்கிட்டுப் போனாக்கூட யாரும் மைக் வெச்சுத் திட்ட மாட்டாங்க.

அட்டையாவது ஒண்ணாவது, எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்க. மாரப்பன்னு ஒருத்தன் அங்க இருந்த அடையாளமே வேண்டாமுங்க. செப்டம்பர் ஃபோல்டர மொதல்ல அழிங்க. அத நெனச்சாலே எனக்கு ஒடம்பு கூசுது.

தப்பு என்னோடதுதானுங்க. அத நான் இல்லைங்கல. டேபிள் மேல வெட்டுக்கோடு போட்ட பேப்பரு ரெண்டு கெடந்துச்சு. சாம்பிள் வெட்டறப்ப வந்த பழைய மார்க்கர் ஒண்ணு, நீங்க அன்னைக்குப் பிரிண்ட் போட்டு அனுப்புன புது மார்க்கர் ஒண்ணு. துணி மேல எத விரிக்கறோமோ அந்தக் கோட்டுல கத்தி போவும். பழச விரிச்சுப் போட்டேன். டேப்ப மேல வெச்சு ஒருக்கா அளந்து பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இருவத்தி ரெண்டு வருசமா பாக்காம வெட்டினதில்ல, அன்னைக்கு அவசரத்துல பாக்கல. "கண்ணு தெரியலீன்னா ஊட்ல போயி உக்காருங்க"ன்னு நாப்பது பேரு முன்னால சார் சொன்னாரு. சொன்னதுல என்ன தப்பு?

காங்கயத்துல கண்ணு டாக்டரப் பாத்தேன். ஒரு கொறையும் இல்லைன்னாரு. நம்பாம தாராபுரத்துல இன்னொருத்தரப் பாத்தேன். அவரும் அதையே சொன்னாரு. கண்ணு நல்லா இருந்தும் தப்பா வெட்டினவன எந்த டாக்டரு பாப்பாருன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு, எந்திரிச்சு வந்துட்டேன். போன வாரம் எம்புள்ள ஜனனி ஸ்கூலுக்கு சார்ட் பேப்பர் வெட்டித் தரச் சொன்னா. கத்திரிய கையில வாங்கினேன், வேர்த்துப் போச்சு. அம்மாகிட்டக் கேளு கண்ணுன்னு போட்டுட்டு வந்துட்டேன்.

எஸ்.எஸ்.டி. போடுங்க. நல்லா இருங்க. நீங்க நம்ம கம்பெனில மரியாதையாப் பேசின ஒரு பொம்பளப் புள்ள. அதுக்காகத்தான் பதில் எழுதினது.

மாரப்பன்


திருப்பூர்
13.3.2025

மாஸ்டருக்கு,

உங்க லெட்டரை கேன்டீன்ல வச்சுப் பிரிச்சேன். பாதியில மூடி பைக்குள்ள வச்சிட்டேன். மீதிய வீட்ல பாத்ரூம்ல நின்னு படிச்சேன். எங்க வீட்டுக்காரரு ராபின் "யாரு லெட்டரு"ன்னாரு. "கம்பெனி சோலி"ன்னேன்.

கண்ணுக்கு ரெண்டு டாக்டரப் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. நானும் கேக்கல.

சிவபிரகாஷ் சனிக்கிழம டிஸ்க்கோட வாறேன்னாரு. இந்த வாரம் பேட்டர்ன் வேலை நெறைய இருக்கு, அடுத்த வாரம் வாங்கன்னுட்டேன். அப்படி ஒண்ணும் வேலை இல்ல. சும்மா சொன்னேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க விரிச்ச பேப்பர் ஓரத்துல தேதி அடிச்சிருக்கும். பிளாட்டர் மெஷின்ல பிரிண்ட் ஆகி வாற எல்லா மார்க்கர்லயும் அது உண்டு. அத நீங்க பாத்தீங்களா? பழைய பேப்பரை எங்க வச்சீங்கன்னு நெனவு இருக்கா? தப்பா எடுத்துக்காதீங்க. சும்மாதான் கேக்கேன்.

அட்டை ஃபோல்டரை நான் அழிக்க மாட்டேன். அது உங்களது.

ஆஷா


வெள்ளகோவில்
18.3.2025

அம்மணி,

எதுக்குங்க இதக் கேக்கறீங்க? ஆறு மாசமா நான் தெனமும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். புண்ணு மேல ஈ உக்காந்த மாதிரி நீங்களும் அங்கயே வந்து உக்காந்தா எப்படிங்க?

சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். தேதி பாக்கல. பத்து தடவ இன்டர்காம்ல உங்களக் கத்திட்டு, வந்த பேப்பர அப்படியே விரிச்சேன். விரிச்சேன்னு நெனப்பு. பழைய பேப்பர நானே சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, டேபிளுக்கு அடியில செருவினேன். அதுவும் நெனப்பு. கையில ரப்பர் பேண்டு சுளீர்னு அடிச்சதுகூட நெனப்பு இருக்கு. ஆனா வெட்டினது பழைய அளவு. அப்ப நான் சுருட்டி வெச்சது புதுசு, விரிச்சது பழசு. வேற எப்படிங்க ஆவும்? டேபிளுக்கு அடியில பாக்கலாம்னா, வெள்ளிக்கிழம வேஸ்ட் அள்றவன் பேப்பரையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டான். விரிச்ச பேப்பரு துணியோட சேந்து துண்டாயிருச்சு.

இத உங்ககிட்ட மட்டும் சொல்றேன், ஊட்டுக்காரிக்கும் தெரியாது. எங்கய்யன் கடைசி காலத்துல என்னையவே பாத்து "தம்பி எந்தூருங்க"ன்னு கேட்டாரு. அவருக்கு அந்த மறதி அறுவதுல வந்துச்சு. எனக்கு நாப்பத்தாறு. இல்லாதது இருந்த மாதிரி இத்தன சுத்தமா நெனப்பு இருக்குதுன்னா எனக்கு இப்பவே ஆரம்பிச்சிருச்சுன்னுதான அர்த்தம்? சாவிய எங்க வெச்சேன்னு நோட்டுல எழுதி வெக்கறேன். கேஸ ஆஃப் பண்ணினனான்னு மூணு தடவ போயிப் பாக்கறேன். மச்சான் சிரிக்கறான்.

முதலிபாளையத்துல கருப்புசாமின்னு நமக்குத் தெரிஞ்சவரு சின்னதா ஒரு யூனிட் போட்டிருக்காரு. நடந்ததெல்லாம் தெரிஞ்சும் கட்டிங் மாஸ்டரா வாங்கன்னு கூப்புடறாரு. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லோணும். முடியாதுன்னு சொல்லப் போறேன். இன்னொருத்தன் துணிய நான் எந்த நம்பிக்கைல வெட்டறதுங்க?

இதுக்கு மேல அதப் பத்திக் கேக்காதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.

மாரப்பன்


திருப்பூர்
22.3.2025

மாஸ்டர்,

உங்க நெனப்பு ஒண்ணுகூடத் தப்பு இல்ல. நீங்க சுருட்டி வச்சதுதான் பழைய பேப்பர். நீங்க விரிச்சது நான் அனுப்பினது. நான் அனுப்பினதும் பழசுதான்.

இத மொதல் வரில எழுதணும்னு நாலு பேப்பர் கிழிச்சேன். இனி நடந்தத நடந்தபடி எழுதுறேன்.

செப்டம்பர் 19, வியாழக்கிழம. மார்பளவுல ரெண்டு சென்டி கூட்டணும்னு ஆர்டர் குடுத்த பையர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு. கூட்டி, புது மார்க்கர் போட்டு, சேவ் குடுத்தேன். கம்ப்யூட்டர் மயங்கிருச்சு. வட்டம் சுத்துது, சுத்துது, நிக்கவே இல்ல. நீங்க கீழருந்து "துணி விரிச்சு ஒரு மணி நேரமாச்சு, பிரிண்ட் வருமா வராதா"ன்னு கத்துறீங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். எந்திரிச்சதும் லிஸ்ட்ல கடைசியா இருந்த ஃபைலை பிளாட்டருக்கு அனுப்பி, சுருட்டிக் குடுத்து விட்டேன். ஓரத்துல தேதி பாக்கல. சேவ் ஆகவே இல்ல மாஸ்டர். கடைசியா இருந்தது பன்னெண்டாம் தேதி போட்ட பழசு.

இது வரைக்கும் கைத்தப்பு. இதோட நான் சொல்லியிருந்தா, என்ன திட்டு வந்தாலும் மனுசியா இருந்திருப்பேன்.

மறுநாள் தையல் லைன்ல அளந்து பாத்து ரெண்டு சென்டி கொறையுதுன்னாக. நான் மாடிக்கு ஓடி ஃபைலைப் பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. கதவைச் சாத்திட்டு உக்காந்து, புது மார்க்கரைத் திரும்பப் போட்டு சேவ் பண்ணேன். யாராவது வந்து கேட்டா காட்டணும்ல. அந்த ஃபைல் பொறந்த தேதி செப்டம்பர் 20, சாயந்திரம் அஞ்சு நாப்பது. நீங்க வெட்டி முடிச்ச மறுநாள். கம்ப்யூட்டர்ல அது அப்படியே பதிஞ்சிருக்கு.

சனிக்கிழம காலைல ஃப்ளோர்ல சார் கேட்டாரு, "ஆஷா, புது மார்க்கர்தான குடுத்தீங்க?" நான் ஆமா சார்ன்னேன். "அப்ப பழசு எப்படி டேபிளுக்கு வந்துச்சு?" நான் சொன்னேன், "மாஸ்டர்கிட்ட சாம்பிள் மார்க்கர் ஒண்ணு இருந்துச்சே சார்." அத யாரும் கேக்கல. நானா எடுத்துக் குடுத்தேன். நீங்க என்னப் பாக்கவே இல்ல. குனிஞ்சு டேபிளையே பாத்துக்கிட்டிருந்தீங்க.

மொதல் லெட்டர்ல செப்டம்பர் ஃபோல்டர் வேண்டாம்தானன்னு கேட்டேனே, அது எதுக்குன்னு இப்ப புரிஞ்சிருக்கும். உங்க வாயாலயே அழிக்கச் சொல்ல வைக்கப் பாத்தேன். அழிங்கன்னு நீங்களும் எழுதிட்டீங்க. அந்த வரியப் படிச்சப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு மாஸ்டர். அடுத்த பக்கத்துல ஜனனிக்கு நீங்க வெட்டித் தராத சார்ட் பேப்பர்.

இன்னைக்கு சிவபிரகாஷ் வந்தாரு. சார் புதுசா இன்ஸ்டால் பண்ணச் சொல்லியிருந்தாரு. நான் குளோன் போடுங்கன்னேன். எல்லாமே, ஒரு தூசி விடாம. அஞ்சு மணி நேரம் ஓடிச்சு. அறுவது பர்சென்ட்ல நின்னு போச்சு. "பழைய டிஸ்க்ல அங்கங்க கெட்டுப் போயிருக்கு, கொஞ்சம் ஃபைல் போனாலும் போவும்க்கா"ன்னாரு. அந்த நேரத்துல என் மனசு என்ன நெனச்சுதுன்னா, அந்த ஃபைலே போயிரட்டும்னு நெனச்சுது. இத நான் யாருகிட்ட சொல்ல முடியும்? லெந்து நாள், தவக்காலம் நடக்குது. செப்டம்பர்ல இருந்து நான் சர்ச்ல திருவிருந்து எடுக்கல. வயிறு சரியில்லன்னு சொல்லிக்கிட்டுப் பின் பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

ஃபைல் போகல. ரெண்டு தேதியும் தெரியுற மாதிரி பிரிண்ட் எடுத்து இதோட வச்சிருக்கேன். உங்களுக்கு மறதி வரல மாஸ்டர். கருப்புசாமி அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்லிராதீங்க.

ஆஷா


வெள்ளகோவில்
27.3.2025

ஆஷா,

லெட்டர களத்துலயே நின்னு படிச்சேன். மழ தூறுச்சு. கொப்பரை நனையுது, மச்சான் கத்தறான், எனக்குக் காது கேக்கல.

மொதல்ல சிரிச்சேன். எனக்கு நோவு இல்ல, நான் கிறுக்கனாவலன்னு சிரிச்சேன். அப்பறம் ஊட்டுக்கு வந்து அந்தப் பிரிண்ட்ல ரெண்டு தேதியையும் வெரல் வெச்சுப் படிச்சேன்.

என்ன காரியம் பண்ணீட்ட நீயி? அஞ்சு வருசம் ஒண்ணா டீ குடிச்சோம். ஒரு போனு போட்டு "மாஸ்டர், தப்பு என்னோடது"ன்னு சொல்லியிருந்தா நானே சார்கிட்டப் போயி கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டு உன்னையக் காப்பாத்தியிருப்பேன். நீ என்னையக் குழியில எறக்கி மண்ணும் தள்ளிட்டு, ஆறு மாசங்கழிச்சு மேல நின்னு "மண்ண அள்ளட்டுமா வேண்டாமா"ன்னு லெட்டர் போட்டுக் கேக்கற. நெஞ்சுல ஈரம் இருக்கறவ செய்யற வேலையா இது?

கம்ப்யூட்டரு மெதுவா ஓடுச்சுன்னு சொல்லாத. கம்ப்யூட்டரா என்னைய மாட்டி விட்டுச்சு?

பிரிண்ட்ட வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கழுத்துல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கறதா? எனக்குப் பேப்பர் வேண்டாம். நீ போயிச் சொல்லோணும். சார் ரூமுக்குள்ள குசுகுசுன்னு இல்ல. அதே ஃப்ளோர்ல, அதே நாப்பது பேரு முன்னால, அவரு என்னையப் பேசின அதே சத்தத்துல. சொன்னீன்னா எனக்கு எழுது. சொல்லலீன்னா எழுத வேண்டாம்.

கருப்புசாமிகிட்ட இன்னும் பதில் சொல்லல. பத்து நாள் தவண கேட்டிருக்கேன்.

மாரப்பன்


திருப்பூர்
6.4.2025

மாஸ்டருக்கு,

சொல்லிட்டேன். ஆனா நீங்க சொன்ன மாதிரி மொதல்லயே சொல்லல. அதையும் எழுதிருதேன், இனி உங்ககிட்ட எதையும் மறைக்க வேண்டாம்.

செவ்வாக்கிழம சார் ரூமுக்குத்தான் போனேன். தைரியம் அவ்வளவுதான் இருந்துச்சு. பிரிண்ட்டைக் காட்டினேன். சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, மறுபடி போட்டாரு. "மூணு வருசமா நீங்க கேட்டீங்க. அந்த டிஸ்க்க அப்பவே வாங்கிப் போட்டிருந்தா இது வந்திருக்காதுங்க. மாரப்பனை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது"ன்னாரு. அழுதிருவாரோன்னு பயந்தேன். அப்புறம் "இது நம்மளோட இருக்கட்டும் ஆஷா. ஆறின சோத்தை எதுக்குத் திரும்பக் கிளறறது? மாரப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்"ன்னாரு. நான் சரிங்க சார்னு தலையாட்டிட்டு வந்தேன். படி ஏறும்போது மனசு லேசா இருந்துச்சு. மாடிக்குப் போயி உக்காந்ததும் கம்ப்யூட்டர் பத்து செகண்ட்ல தொறந்திருச்சு. முன்னல்லாம் அந்த இருவது நிமிசம் கீழ போயி யாருகூடயாவது பேசிக்கிட்டிருப்பேன், எதையும் நெனைக்க மாட்டேன். இப்ப ஸ்க்ரீன் ரெடியா நிக்குது, நான் அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நாலு நாள் அப்படிப் போச்சு.

நேத்து சனிக்கிழம, சம்பள நாள், எல்லாரும் வந்திருந்தாக. டீ டைம் பெல் அடிச்சதும் கீழ போயி உங்க டேபிள் பக்கத்துல நின்னேன். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க"ன்னேன். டம்ளர் சத்தத்துல யாரும் திரும்பல. ரெண்டாவது தடவ கத்தினேன். செப்டம்பர்ல பழைய மார்க்கரை அனுப்பினது நான், மறுநாள் புதுசு மாதிரி ஃபைல் போட்டு வச்சது நான், மாஸ்டர் மேல பழியத் தள்ளினது நான், மாஸ்டர் ஒரு தப்பும் பண்ணலன்னு சொன்னேன். இஸ்திரி போடுறவரு டம்ளரை வச்சிட்டு வெளிய போயிட்டாரு. தையல்ல ஒரு பிள்ளை அழுதுச்சு. அவ உங்க தெருக்காரி. "நாங்கல்லாம் அவரை என்னென்ன பேசினோம்"ன்னா. சாரும் ரூம் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. என்ன வேலைய விட்டுப் போகச் சொல்லல. திங்கக்கிழம வான்னும் சொல்லல.

ஒண்ணு புரியல மாஸ்டர். செக்கிங் டேபிள் கருத்தம்மா அக்கா இருக்காகளே, அவுக எந்திரிச்சு, "அப்ப ராக்கையா என்ன பண்ணினான்?"னு கேட்டாக. எங்கிட்ட கேக்கல. சாரைப் பாத்துக் கேட்டாக. சார் தலையக் குனிஞ்சிட்டு உள்ள போயிட்டாரு. உங்க டேபிள்ல துணி விரிக்கிற ராக்கையாவைத்தான சொல்றாக? அந்தச் சமயத்துல அவன் வேலைய விட்டு நின்னுட்டான்னு தெரியும். ஊருக்குப் போயிட்டான், கோயில் கொடைக்குப் போனவன் அங்கயே தங்கிட்டான்னு நெனச்சிருந்தேன். அவன் அக்காதான் கருத்தம்மான்னு எனக்கு நேத்துத்தான் தெரியும். ஆறு மாசமா பக்கத்துல உக்காந்து சோறு திங்கோம், அவுக ஒரு வார்த்த சொன்னதில்ல. நேத்து டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிட்டாக.

அவன் என்ன பண்ணினான் மாஸ்டர்?

ஆஷா


வெள்ளகோவில்
10.4.2025

அம்மணி,

நீங்க ஃப்ளோர்ல நின்னு சொன்னத, உங்க லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே எங்க தெருக்காரி வந்து ஊட்டுக்காரிகிட்டச் சொல்லிட்டா. ஊட்டுக்காரி அழுதா. மச்சான் கோழி அடிச்சான். சாரும் போனு பண்ணினாரு, நான் எடுத்தேன், "மன்னிச்சுக்கோங்க மாரப்பா"ன்னாரு. கருப்புசாமிகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளு ஊட்ல நான் ராசாங்க. தல நிமுந்து கடவீதில போனேன்.

நேத்து உங்க லெட்டர் வந்துச்சு.

ராக்கையா ஒண்ணும் பண்ணலீங்க.

அந்தச் சனிக்கிழம, ஃப்ளோர்ல திட்டு வாங்கினதுக்கு அப்பறம், சார் என்னைய ரூமுக்குள்ள கூப்புட்டாரு. "இருவது வருச அனுபவம், எப்படிங்க மாரப்பா பேப்பர மாத்தி எடுத்தீங்க?"ன்னாரு. என்னால அந்த வார்த்தையத் தாங்க முடியல. "பேப்பர எடுக்கச் சொன்னது ராக்கையாகிட்டங்க சார், அவன் எதயோ எடுத்துக் குடுத்துட்டான், படிக்கத் தெரியாதவன்"ன்னேன். வாயில தானா வந்துச்சு. பழைய பேப்பர நானே சுருட்டி ரப்பர் பேண்டு போட்டது நல்லா நெனப்பு இருந்துச்சுங்க அம்மணி. அவன் கை அந்தப் பேப்பரு மேல படவே இல்ல. அது தெரிஞ்சும் சொன்னேன். திங்கக்கிழம காலைல அவன கேட்லயே நிறுத்திட்டாங்க. நான் வெக்கத்துல போனேன், என்னைய யாரும் தள்ளல. அவன் என்னன்னே தெரியாமப் போனான். அவனுக்காக யாரும் டாக்டரப் பாக்கல, லெட்டர் போடல. எனக்கே அவன் ஞாபகம் வரல. உங்களுக்கு எத்தன பக்கம் எழுதியிருக்கேன், ஒரு எடத்துலயாவது அவன் பேரு இருக்குதா பாருங்க.

உங்களப் போயி நெஞ்சுல ஈரமில்லாதவன்னு எழுதினேனே. அத எழுதறப்ப எனக்குக் கை நடுங்கலீங்க. அதான் இப்ப ரொம்ப அசிங்கமா இருக்குது.

உங்கள மன்னிச்சேன்னு எழுதறதுக்கு எனக்கு யோக்கியத இல்ல. கோவமும் இன்னும் போவல. ரெண்டும் அப்படியே இருக்கட்டும்.

கருத்தம்மாவுக்குப் போனு பண்ணினேன். எடுத்தாங்க, நான்னு தெரிஞ்சதும் பேசல. ஆனா போனைக் கட் பண்ணவும் இல்ல. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசில, அவன் விளாத்திகுளம் பக்கம் கரி சுடற மூட்டத்துல வேல பாக்கறான்னு சொன்னாங்க. "நீ வந்தா அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

நேத்து பூரா அவனுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். உங்களுக்கு எழுதிப் பழகினதால நல்லாவே வந்துச்சு. மூணு பக்கம். கவருல போட்டு ஒட்டினதுக்கு அப்பறந்தான் உறைச்சுது. அவனுக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாதுங்களே. வேற யாராவது படிச்சுக் காட்டோணும். என்னைய மாதிரி ஒருத்தன் எழுதினத இன்னொருத்தன் வாயால அவன் கேக்கோணுமாக்கும்.

கவரைக் கிழிச்சுட்டேன். காலைல தாராபுரம் போயி மதுரை பஸ் ஏறறேனுங்க, அங்கருந்து விளாத்திகுளம்.

மாரப்பன்